வேறு என்ன மாறியது? – மாணவர் அறிவியல் கண்காட்சி நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், டொங்காட் வட்டாரங்களில் வார இறுதித் தமிழ் வகுப்புகளையும் மாணவர் கண்காட்சிகளையும் நடத்திவரும் மன்றங்களின் பொறுப்பாளர்களுக்கும், அக்கண்காட்சிகளில் நடுவர்களாக அமரும் ஆசிரியப் பெருமக்களுக்கும்,

வணக்கம்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிகளில் அறிவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். இப்போது சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பில் பிள்ளைகளோடு இருக்கிறேன். தங்களில் சிலரோடு நடுவர் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். வேறு சில ஆண்டுகளில் பெற்றோர் வரிசையில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன். இம்மடலில் எந்த மன்றத்தின் பெயரையும் நான் குறிப்பிடவில்லை. நான் சொல்லப்போகும் குறை ஒரு மன்றத்துக்கு மட்டும் உரியதன்று, அதில் என் பங்கும் உண்டு.

2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, இட்லி மாவு பொங்குவதற்கும் வெப்பநிலைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து கொண்டுவந்திருந்தாள். அவள் செய்த முதல் காரியமே என் மனத்தைக் கவர்ந்தது: ஒரே தடவையில் அரைத்து, உப்புப் போட்டு, ஒரே கையால் கலந்த மாவை ஒன்பது சிறிய கண்ணாடி ஜாடிகளில் ஒரே அளவாகப் பிரித்து ஊற்றியிருந்தாள். மூன்று ஜாடிகள் குளிர்பதனப் பெட்டியில், மூன்று சமையல் மேடையில், மூன்று கீசர் இருக்கும் அலமாரியில். ஒவ்வொரு ஜாடியிலும் மாவின் தொடக்க மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்டை மாட்டி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாவு எத்தனை மில்லிமீட்டர் உயர்ந்தது என்று அளந்து எழுதினாள். அன்று மாலை வழக்கம்போல மின்வெட்டு வந்தது. அவளுடைய குறிப்பேட்டில் பென்சிலால் இப்படி எழுதியிருந்தாள்: "6 மணி முதல் 8 மணி வரை மின்சாரம் இல்லை. பெட்டிக்குள் 4 டிகிரி 9 டிகிரி ஆகிவிட்டது. நான் திறந்து பார்த்ததாலும் ஏறியிருக்கலாம்." மறுநாள் காலையில் பார்த்தபோது, மிகவும் பொங்கியிருக்கும் என்று அவள் எதிர்பார்த்த அலமாரி ஜாடிகளில் மாவு அமுங்கிப்போய்ச் சமையல் மேடை ஜாடிகளைவிடத் தாழ்ந்து கிடந்தது. அதையும் அப்படியே எழுதிக்கொண்டு வந்துவிட்டாள்.

நடுவர்கள் மதிப்பெண் குறைத்தார்கள். கருதுகோள், அதாவது சோதனைக்கு முன் அவள் எதிர்பார்த்தது, மெய்ப்பிக்கப்படவில்லை என்பது ஒரு காரணம்; சோதனையில் இடையூறு நேர்ந்திருக்கிறது, முடிவு தெளிவாக இல்லை என்பது இன்னொரு காரணம். நான்கு மேசைகள் தள்ளி, வீணை இசை கேட்ட செடி வேகமாக வளரும் என்று காட்டிய திட்டத்துக்கு முதற் பரிசு கிடைத்தது. இசை கேட்ட செடி வரவேற்பறைச் சன்னல் ஓரத்தில் வளர்ந்தது. இசை கேட்காத செடியை, சத்தம் எட்டாமலிருக்க, காருக்குரிய கொட்டகையில் வைத்திருந்தார்கள். விளக்க அட்டையில் மூன்று வகை மாறிகளும் (சோதனையில் மாற்றியது, அதனால் மாறியது, மாறாமல் வைத்தவை) அழகான எழுத்தில், சரியான தலைப்புகளின் கீழ் இருந்தன. 'கட்டுப்படுத்தியவை' என்ற தலைப்பின் கீழ் 'மண், நீர், வெளிச்சம்' என்றே எழுதியிருந்தது. சன்னல் ஓரத்து வெளிச்சமும் கொட்டகை வெளிச்சமும் ஒன்றா என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தச் சிறுவன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அட்டையில் என்ன எழுதச் சொன்னோமோ அதை அவன் எழுதினான்.

ஆகவே குறை நம் மதிப்பெண் தாளில் இருக்கிறது. அந்தத் தாள், சாரா மாறி எது, சார்ந்த மாறி எது, கட்டுப்படுத்திய மாறிகள் எவை என்று மூன்று கட்டங்கள் போட்டு, நிரப்பியவர்களுக்கு மதிப்பெண் தருகிறது. பிள்ளைகள் அச்சொற்களைப் பாட்டைப்போல் மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். ஒரு பையன் மூன்று இடத்திலும் வல்லின றகரத்தை விட்டுவிட்டு 'சாரா மாரி', 'சார்ந்த மாரி' என்று எழுதியிருந்தான். ஆடிக் கூழ் ஊற்றி முடித்த வாரம் அது. மழைக்கும் அம்மனுக்கும் உரிய அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு நடுவர்கள் சிரித்தோம், ஒரு மதிப்பெண் குறைத்தோம், அவன் சோதனையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் அடுத்த மேசைக்குப் போய்விட்டோம். அந்த மேசையில் நானும் இருந்தேன்.

இந்தக் கலைச்சொற்கள் தேவைதான். ஆயினும் அவற்றைத் திறக்கும் சாவி நம் இலக்கணத்திலேயே கிடக்கும்போது நாம் அதை எடுப்பதில்லை. தமிழில் 'மாற்று' என்பது பிறவினை, 'மாறு' என்பது தன்வினை. நான் வெப்பநிலையை மாற்றினேன். மாவின் உயரம் மாறியது. நான் மாற்றுவது சாரா மாறி; அதைத் தொடர்ந்து தானாக மாறுவது சார்ந்த மாறி; மாவின் அளவு, உப்பு, ஜாடியின் அகலம் ஆகியவை நான் மாறவிடாமல் பிடித்து வைத்திருப்பவை. பத்து வயதுப் பிள்ளைக்கு இதைச் சொன்னால் ஒரு முறைக்கு மேல் சொல்லவேண்டியதில்லை. அதோடு இப்படிச் சொல்லும்போது நான்காவது ஒன்று தானாக எட்டிப்பார்க்கிறது: நான் மாற்றவில்லை, மாறவும் விடவில்லை என்று எண்ணிக்கொண்டிருந்தேன், ஆனாலும் எனக்குத் தெரியாமல் மாறிவிட்டது. நம் மதிப்பெண் தாளில் இதற்குக் கட்டமே கிடையாது. மின்வெட்டு அந்த நான்காவது இனத்தைச் சேர்ந்தது. அதைக் கண்டு, அளந்து, எழுதியும் வைத்த பிள்ளைக்குத்தான் நாம் மதிப்பெண் குறைத்தோம்.

தெரியாமல் மாறுவது எவ்வளவு எளிதாக ஏமாற்றும் என்பதற்கு என் வகுப்பிலேயே நடந்த ஒன்று. டர்பனில் இருக்கும் ஒரு பையனும் ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் அவன் அத்தை மகனும் சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். துவரம்பருப்பை இவன் உப்பில்லாமலும் அவன் உப்புப் போட்டும் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, நேரத்தைக் குறித்துக்கொண்டார்கள். ஜோகன்னஸ்பர்க் பருப்பு வேக வெகுநேரம் ஆனது. உப்பு பருப்பை வேகவிடாது என்று எழுதிவிட்டார்கள். வீட்டுப் பெரியவர்களும் அதையே சொல்லிவந்ததால் யாரும் ஐயப்படவில்லை. உப்பில் அப்படியொரு குணம் இருக்கிறதா இல்லையா என்பதைப் பற்றி இந்தச் சோதனை ஒன்றுமே சொல்லவில்லை. டர்பன் கடல் மட்டத்தில் இருக்கிறது, நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. ஜோகன்னஸ்பர்க் ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு, நீர் 94 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுகிறது. எவ்வளவு நெருப்பு வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் அதற்குமேல் சூடு ஏறாது. இரண்டு பிள்ளைகளும் தாங்கள் மாற்றியது உப்பு என்று நினைத்தார்கள், ஊரே மாறியிருந்தது.

பிள்ளைகள் மட்டும் இதில் வழுக்கி விழுவதில்லை. நம்மவர்களின் சோற்றுப் பானையோடு தொடர்புள்ள ஒரு வரலாறு உண்டு. நடுவர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புவதால் அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் கூட்டம் கூட்டமாக ஆட்களைக் கொன்றது. கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் தளர்ந்து சாவார்கள். அது தொற்று நோய் என்றும், நோய் குடிகொண்ட கட்டடங்களில் இருந்து பரவுவது என்றும் பலர் நம்பினார்கள். பிராடன் என்ற மருத்துவர் ஒன்றைக் கவனித்தார்: தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களுக்கு அந்நோய் அரிதாகவே வந்தது, சீனத் தொழிலாளர்களுக்கு மிகுதியாக வந்தது. தமிழர்கள் உண்டது புழுங்கல் அரிசி, சீனர்கள் உண்டது தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. ஆகவே அரிசிதான் காரணம் என்றார் அவர்.

இதைப் படித்ததும் நமக்கெல்லாம் பெருமையாக இருக்கும். ஆனால் அங்கே நின்று கேட்கவேண்டிய கேள்வி இருக்கிறது. அந்தத் தமிழருக்கும் அந்தச் சீனருக்கும் இடையே அரிசி மட்டுமா வேறுபட்டது? செய்த வேலை வேறு, தங்கிய குடியிருப்பு வேறு, குழம்பு வேறு, பிறந்த ஊர் வேறு. பிராடன் சொன்னது சரியாகவே இருந்தாலும், அவர் கண்டதை மட்டும் வைத்து அதைச் சரி என்று நிறுவ முடியாது. 1905ஆம் ஆண்டில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் ஃபிளெட்சர் என்பவர் செய்தது இதுதான்: நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணச் சொல்லி, ஒற்றை எண்காரர்களை ஒரு கூடத்திலும் இரட்டை எண்காரர்களை மற்றொரு கூடத்திலும் தங்கவைத்தார். ஒரு கூடத்துக்குப் பச்சரிசி, மற்றதற்குப் புழுங்கல் அரிசி. ஒன்றுவிட்டு ஒன்றாக எண்ணியதால், யார் எந்தப் பக்கம் போவது என்பதில் அவருடைய விருப்பு வெறுப்புக்கு இடமில்லாமல் போயிற்று. பச்சரிசிக் கூடத்தில் நோய் கிளம்பியது. இந்த இடத்தில் நம் கண்காட்சியாக இருந்தால் பரிசு கொடுத்து அனுப்பியிருப்போம்.

ஃபிளெட்சர் அதோடு விட்டுவிடவில்லை. இரண்டு கூடங்களுக்கும் இடையே அரிசி மட்டுமன்றிக் கட்டடமும் வேறு அல்லவா? கட்டடத்தில்தான் நோய் குடியிருக்கிறது என்பவர்களுக்கு என்ன பதில்? அடுத்த ஆண்டின் நடுவில் இரு சாராரையும் கூடம் மாற்றினார்; அவரவர்க்கு உரிய அரிசி மட்டும் அவரவரோடு போயிற்று. நோய் கட்டடத்தில் தங்கவில்லை, பச்சரிசியின் பின்னாலேயே போயிற்று. 'வேறு என்ன மாறியது?' என்ற கேள்வியைத் தானே தன்னிடம் கேட்டு, விடையையும் சோதனைக்குள்ளேயே தேடியதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. (அந்த நோயாளிகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை, இன்று எந்த அறநெறிக் குழுவும் இதை அனுமதிக்காது. இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லியே தீரவேண்டும்.) நெல்லைப் புழுக்கும்போது தவிட்டில் உள்ள பி1 உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுவதால், பிறகு தீட்டினாலும் முழுவதும் போய்விடுவதில்லை. ஆனால் அந்த உயிர்ச்சத்தைத் தனியே பிரித்தெடுத்தது 1926இல்தான். எப்படி என்று தெரியுமுன்பே எதனால் என்று ஓரளவு தெரிந்துகொள்ள மாறிகளைப் பற்றிய ஒழுங்கான சிந்தனை போதுமானதாக இருந்தது.

இனி நம் மாணவியின் மாவுக்குத் திரும்புகிறேன். அலமாரி ஜாடிகள் காலையில் அமுங்கிக் கிடந்ததால் அவளுடைய கருதுகோள் தோற்றது என்றார்கள் நடுவர்கள். அவள் குறிப்பேட்டின் முந்தைய பக்கத்தைத் திருப்பியிருந்தால், இரவு அவள் உறங்கப் போகுமுன் எடுத்த கடைசி அளவில் அந்த மூன்று ஜாடிகளும்தான் மற்ற எல்லாவற்றையும்விட உயர்ந்திருந்தன என்பதைக் கண்டிருக்கலாம். சூட்டில் மாவு விரைந்து பொங்கி, அளவுக்கு மீறிப் புளித்து, உள்ளிருந்த வாயு வெளியேறி, விடிவதற்குள் இறங்கிவிட்டது. இங்கே கோடைக் காலத்தில் வரும் பொங்கலை ஒட்டி மாவு அரைத்துவிட்டு அசந்து தூங்கிய எந்தத் தாய்க்கும் இது தெரியும். சார்ந்த மாறி என்று எழுதினால் போதாது. அதை எதனால் அளக்கிறோம், எப்போது அளக்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழுமையாகிறது. 'பொங்குதல்' என்பது காலை ஏழு மணி உயரமா, அளந்ததில் மிக உயர்ந்த மட்டமா, முதல் நான்கு மணி நேரத்தின் வேகமா? மூன்றுக்கும் மூன்று விடைகள் வரும். அந்தக் குறிப்பேட்டில் மூன்றுக்குமான எண்கள் கிடந்தன. அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவளே அதைக் கண்டுபிடித்திருப்பாள்.

அளவுகோல் இல்லாமல் நாக்கால் அளக்கும் சோதனைகளும் நம் கண்காட்சிகளுக்கு நிறைய வருகின்றன. உப்பை முதலிலேயே போட்டுப் புளிக்கவைத்த மாவின் இட்லிக்கும் பிறகு போட்டதற்கும் சுவையில் வேறுபாடு உண்டா என்று ஒரு பெண் தாத்தாவைச் சாப்பிடச் சொல்லி எழுதிக்கொண்டு வந்தாள். எது எந்த இட்லி என்று தாத்தாவுக்குத் தெரியும். பேத்தி எதை எதிர்பார்க்கிறாள் என்பதும் தெரியும். பேத்தியின் முகம் அங்கே ஒரு மாறி. தேநீரில் பாலை முன்னே ஊற்றினார்களா பின்னே ஊற்றினார்களா என்பதைச் சுவைத்தே சொல்லமுடியும் என்று கூறியவரைப் புள்ளியியல் அறிஞர் ரொனால்டு ஃபிஷர் எப்படிச் சோதிக்கலாம் என்று 1935இல் எழுதினாரோ, அதையே இட்லிக்கும் செய்யலாம்: அடையாளம் இல்லாத எட்டுத் தட்டுகள், நான்கு ஒரு வகை, நான்கு மற்ற வகை, வரிசையைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யவேண்டும், பரிமாறுகிறவருக்கும் எது எதுவென்று தெரியக்கூடாது. வெறும் குருட்டு ஊகத்தில் எட்டையும் சரியாகப் பிரிக்க 70இல் ஒரு வாய்ப்புத்தான். தாத்தா வென்றுவிட்டால் அவருடைய நாக்கை நாம் நம்பலாம்.

சீட்டுக் குலுக்குவது விளையாட்டுப் போலத் தோன்றினாலும், கரும்புக் காட்டு வழி வந்த நமக்கு அது அந்நியமானதன்று. டர்பனுக்கு வடக்கே மவுண்ட் எட்ஜ்கோம்பில் 1925 முதல் கரும்பு ஆராய்ச்சி நிலையம் இயங்கிவருகிறது. கோயம்புத்தூரில் ஒட்டுச் சேர்த்த விதையை நேட்டாலுக்குக் கொண்டுவந்து முளைக்கவைத்துத் தேர்ந்த என்கோ 310 என்ற ரகம் 1945இல் வெளியாகி, பல நாடுகளுக்குப் போயிற்று. அந்தப் பெயரில் 'என்' நேட்டாலையும் 'கோ' கோயம்புத்தூரையும் குறிக்கின்றன. நம் வடகரை நிலமோ மேடும் பள்ளமுமானது. சரிவின் அடியில் ஈரமும் வண்டலும் தங்கும், மேட்டில் மண் காய்ந்திருக்கும். புதிய ரகத்தை முழுவதும் பள்ளத்திலும் பழையதை முழுவதும் மேட்டிலும் நட்டால், விளைச்சலில் ரகம் எவ்வளவு, மண் எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்லமுடியாது. ஆகவே நிலத்தை மேட்டிலிருந்து பள்ளம் வரை வரிசைகளாகப் பிரித்து, ஒவ்வொரு வரிசையிலும் எல்லா ரகங்களையும் வைத்து, எந்தப் பாத்தியில் எது என்பதைக் குலுக்கலுக்கு விடுவதே பயிர்ச் சோதனைகளின் வழக்கமாயிற்று. நமக்குத் தெரிந்த வேறுபாட்டை வரிசை பார்த்துக்கொள்கிறது. தெரியாததைக் குலுக்கல் பார்த்துக்கொள்கிறது. ஆறு பயற்றஞ் செடித் தொட்டிகளைச் சன்னல் ஓரத்தில் வைக்கும் பிள்ளைக்கும் இதே முறை போதும், காகிதத் துண்டுகளைத் தவிர வேறு செலவில்லை.

சிறு பிள்ளைகளிடம் இவ்வளவு எதிர்பார்க்கலாமா என்று தங்களில் சிலர் கேட்பீர்கள் என்பதை அறிவேன், கூட்டங்களில் கேட்டுமிருக்கிறீர்கள். புள்ளியியலை நான் எதிர்பார்க்கவில்லை. மூன்று முறை செய்து பார்த்தாயா என்று கேட்பதும், வேறு என்ன மாறியிருக்கலாம் என்று கேட்பதும் ஆறாம் வகுப்புக்கு மிகையானவை அல்ல. மாறாக, மெய்ப்பிக்கப்பட்ட கருதுகோளுக்கு மட்டும் பரிசு கொடுத்துவந்தால் பிள்ளைகள் என்ன கற்றுக்கொள்வார்கள் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்: அடுத்த ஆண்டு அதே மாணவி குறிப்பேட்டைக் கொண்டுவரவில்லை, எண்களை அட்டையில் மட்டும் எழுதிவந்தாள், ஓர் எண்கூடக் கோணல் இல்லாமல் இருந்தது.

ஆகவே தங்களிடம் நான் வேண்டுவன இவை. மதிப்பெண் தாளில் மூன்று மாறிகளின் பெயருக்கென ஒதுக்கியுள்ள பதினைந்து மதிப்பெண்ணை ஐந்தாகக் குறைத்து, மீதிப் பத்தை 'நீ அறியாமல் மாறியிருக்கக்கூடியவை எவை, அவற்றை எப்படிக் கண்டாய்' என்ற புதிய கட்டத்துக்குக் கொடுங்கள். 'கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது' என்ற வரியை முற்றாக நீக்கிவிடுங்கள். விளக்க அட்டையைப் பார்க்குமுன் அழுக்குப் படிந்த குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதை நடுவர்களுக்கு விதியாக்குங்கள். குறிப்பேடு இல்லாத திட்டத்துக்கு முதற் பரிசு வேண்டாம். கலைச்சொல்லில் ஓர் எழுத்துப் பிழைத்தால் திருத்திக் காட்டுங்கள், மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள்.

2023ஆம் ஆண்டின் அந்தக் குறிப்பேட்டை அவள் தூக்கி எறியவில்லை. இப்போது அவள் சம்மதத்தோடு அது என் மேசையில் இருக்கிறது, பென்சில் எழுத்து சற்று மங்கியிருக்கிறது. அடுத்த நடுவர் கூட்டம் எப்போது என்று தெரிவித்தால் அதைக் கொண்டு வருகிறேன். மின்வெட்டுப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேசலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர்,
சாட்ஸ்வொர்த்